துணை ஜெனரேட்டரை இனங்காணல்

பழவேற்காட்டு மீனவ ஊர்களில், பெயர்த்தகடு துருப்பிடித்து உதிர்ந்துபோன படகு மோட்டாரையும் தொட்டுப் பார்த்தே இன்ன ஜாதி என்று சொல்லிவிடும் மெக்கானிக்குகளைக் காணும்போதெல்லாம், பழைய யுத்த டாங்கிகளுக்குள் ஒளிந்திருக்கும் துணை ஜெனரேட்டர்களை இனங்காணும் சூட்சுமக் கலைதான் என் நினைவுக்கு வருகிறது. பிரதான எஞ்சினை நிறுத்தியபின் ரேடியோவும் பீரங்கிக் கூண்டைத் திருப்பும் மோட்டாரும் பாட்டரியை வற்றடித்துவிடக் கூடாதே என்பதற்காகப் பிறந்த சிறு யந்திரம் அது.

இரண்டாம் உலக யுத்தத்து ஷெர்மன் டாங்கியில் இருந்தது, 30 வோல்ட்டில் 1500 வாட் தரும் ஹோம்லைட். ஒற்றைச் சிலிண்டர், அதைச் சுற்றிக் காற்றில் குளிரும் செதில்கள், ஒரே ஸ்பார்க் பிளக், வால்வே இல்லாத தலை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டிய டூ-ஸ்ட்ரோக் வகை என்பதை இவையே அறிவித்துவிடும். பின்னாளைய பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கியின் கவென்ட்ரி கிளைமாக்ஸோ ஸ்பார்க் பிளக்கே இல்லாத டீசல். அதன் மூன்று சிலிண்டர்களிலும் இரண்டிரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே பாயும் அமைப்பு அபாரமானது.

பழவேற்காட்டைப் போலவே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஆவடியில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கிகள் இன்று பல ஊர்களில் நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. அவற்றைப் பராமரிப்போர், தயவுசெய்து, உள்ளிருக்கும் யந்திரங்களை இனங்காண உதவும் பெயர்த்தகடுகளின்மேல் வர்ணம் பூசாதிருக்க வேண்டும்.