டெஸ்டர் கத்தாவிட்டால் கரண்ட் இல்லையா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக் கணக்குப்படி மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. விழுப்புரம் மாவட்டத்தின் பெரும்பகுதி தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் மின்வாரிய ஊழியர்கள் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த, ஊருக்குள் வயர்மேன்களுக்கு வீட்டுக்கு வீடு வேலை: நனைந்த சுவிட்ச் போர்டு, சேறு புகுந்த ஸ்டார்ட்டர் பாக்ஸ், சுவரோடு சேர்ந்து ஊறிப்போன பைப்புக்குள் ஓடும் வயர். எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். இந்த வயரில் இப்போது சப்ளை இருக்கிறதா?

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியிலுள்ள கெடார் போன்ற ஊர்களில், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை இப்போது பலர் சட்டைப்பையில் செருகிய ஒரு பிளாஸ்டிக் பேனாவிடம் விட்டுவிட்டார்கள். நான்-கான்டாக்ட் டெஸ்டர். வயரைச் சீவ வேண்டாம், ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். நுனியைக் கிட்டே கொண்டுபோனால் சிவப்பு விளக்கு எரியும், பீப் என்று கத்தும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் அண்மை ஆண்டுகள் எதை எடுத்தாலும், இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000க்கு மேல். அப்படிப்பட்ட நாட்டில் இந்தக் கருவியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் கறாராகப் பார்த்தாக வேண்டும்.

முதலில் அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அது வோல்டேஜை அளப்பதில்லை. ஏசி சப்ளை உள்ள வயரைச் சுற்றி நொடிக்கு 50 சுழற்சியாக ஏறி இறங்கும் மின்புலம் இருக்கிறது. பேனாவின் நுனிக்குள் உள்ள சிறு உலோகத் துண்டு அந்தப் புலத்துக்குள் வந்ததும் அதில் மிக நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. அது பிடித்திருக்கும் கை வழியாக உடம்புக்கும், உடம்பிலிருந்து தரைக்கும் போய்ச் சுற்றை முடிக்கிறது. வயருக்கும் நுனிக்கும் நடுவே இன்சுலேஷன், காலுக்கும் தரைக்கும் நடுவே செருப்பு. இரண்டு இடத்திலும் தொடர்பு கெப்பாசிட்டர் முறையில்தான். அந்தத் துளி மின்னோட்டம் குறித்த அளவைத் தாண்டினால் பேனா கத்தும். ஆகவே அதன் பதிலில் வயருக்கு ஒரு பங்குதான் உண்டு. பிடித்திருக்கும் ஆள், அவர் நிற்கும் இடம், பக்கத்திலுள்ள இரும்பு, ஈரம், பேட்டரி எல்லாம் சேர்ந்துதான் மீதியை முடிவு செய்கின்றன.

கத்தும்போது அது பெரும்பாலும் உண்மையான காரணத்துக்காகவே கத்துகிறது. ஆனால் அந்தக் காரணம் நாம் பார்க்கும் வயரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே பைப்பில் நாலு வயர் ஓடினால், உயிருள்ள ஒன்றை ஒட்டிப் போகும் மற்ற மூன்றிலும் இன்டக்ஷன் ஏறலாம். நாலிலும் பேனா கத்தக்கூடும். 12 வோல்ட்டிலிருந்தே காட்டும் என்று விற்கப்படும் மாடல்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். உணர்திறனைக் கூட்டினால் தப்பவிடுவது குறையும், வீண் கத்தல் கூடும். வீண் கத்தலுக்குப் பழகிய வயர்மேன் நாளடைவில் கத்தலையே பொருட்படுத்தமாட்டார். 90 வோல்ட்டுக்கு மேல்தான் காட்டும் சாதாரணப் பேனாவே வீட்டு வேலைக்குத் தேவலை என்று நான் நினைப்பது இதனால்தான்.

கத்தலில் ஒரு பயன் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிளக் பாயின்ட்டில் இரண்டு ஓட்டையிலும் பேனா கத்துகிறது, ஃபேன் மட்டும் ஓடவில்லை என்றால், அனுபவசாலி உடனே நியூட்ரல் அறுந்திருக்கிறது என்பார். ஆன் ஆகியிருக்கும் ஏதோ ஒரு லோடு வழியாக பேஸ் நியூட்ரல் பக்கம் வந்து நிற்கிறது. போர்டைத் திறக்காமலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிட்டது. எந்த வயர் எங்கே போகிறது, எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தேடுவதில் இதற்கு ஈடான சிறு கருவி வேறு இல்லை.

சிக்கல் கத்தாதபோதுதான். கத்தாமலிருக்க ஒரே காரணம் சப்ளை இல்லாதது என்று நினைத்துக் கை வைக்கிறோம். உண்மையில் காரணங்கள் பல.

பழைய வீடுகளில் வயரிங் இரும்புப் பைப்புக்குள் ஓடும். எர்த் ஆன உலோகம் மின்புலத்தை வெளியே விடாது. உள்ளே 230 வோல்ட் இருந்தாலும் வெளியே பேனாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆர்மர்ட் கேபிளும், மோட்டார் கொட்டகையில் உள்ள தகர ஸ்டார்ட்டர் பாக்ஸும் அப்படித்தான். மழையில் ஊறித் தரையோடு ஈரத் தொடர்பு கொண்ட சுவரும் ஓரளவு இதே வேலையைச் செய்யும். ஃபெஞ்சலுக்குப் பிறகு ஊறிய சுவர்களின் மேல் பேனாவை ஓட்டி, உள்ளே சப்ளை இல்லை என்று முடிவு கட்டியிருந்தால் அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. மூன்று பேஸும் ஒரே உறைக்குள் போகும் கேபிளில், சில இடங்களில் மூன்றின் புலமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். நுனியைச் சுற்றிச் சுற்றி வைத்தால்தான் ஏதாவது ஒரு பக்கம் கத்தும்.

அடுத்தது ஆள். மர ஏணியில் உயரத்தில் நின்று, கையில் தடித்த கிளவுஸ் போட்டுக்கொண்டு பார்த்தால், உடம்புக்கும் தரைக்கும் உள்ள தொடர்பு நைந்துவிடுகிறது. தரையில் நின்று பார்த்தபோது கத்திய அதே வயரில் ஏணி மேல் கத்தாமல் போகலாம். பாதுகாப்புக்காகச் செய்யும் காரியமே இங்கே கருவியைக் குருடாக்குகிறது. இந்தக் கருவியின் குறைகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

பேட்டரி தீர்ந்தாலும் அதே அமைதி. நல்ல பேனாக்களில் ஆன் செய்திருக்கும்வரை ஒரு சிறு விளக்கு மின்னி உயிரோடிருப்பதைக் காட்டும். மலிவானவற்றில் அதுவும் இருக்காது. சிலர் பேனாவைச் சட்டையில் தேய்த்து, அது மின்னினால் சரியாக இருக்கிறது என்பார்கள். தேய்ப்பதில் வருவது ஸ்டாட்டிக். அது பேட்டரி இருப்பதைச் சொல்லும். 50 சுழற்சி சப்ளையை அந்த இடத்தில் பிடிக்குமா என்பதைச் சொல்லாது. பெரிய கம்பெனி பேனா என்றால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் க்ளைன் டூல்ஸ் நிறுவனம் என்சிவிடி-1 என்ற மாடலை 2021ல் பெருமளவில் திரும்பப் பெற்றது. பட்டன் உறையோடு ஒட்டிக்கொள்வதால் டெஸ்டர் தவறாக இயங்கலாம், ஷாக் அபாயம் உண்டு என்பதே காரணம்.

டிசி சப்ளையை இந்தப் பேனா எந்த நிலையிலும் காட்டாது. 2019ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்துக்குப் பிறகு வயல்களில் சோலார் பம்ப்செட் பெருகுகிறது. பேனல்கள் தொடராக இணைந்து வரும் வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி நிற்கும். வெயில் இருக்கும்வரை அதை அணைக்கவும் வழியில்லை. அங்கே பேனாவை நீட்டிப் பார்த்துவிட்டு வயரைப் பிடிப்பது, பார்க்காமலே பிடிப்பதைவிட மோசம். பார்த்துவிட்டோம் என்ற தைரியம் கூடவே வந்துவிடுகிறது.

"இத்தனை வருஷமாக இதைத்தான் வைத்திருக்கிறேன், ஒரு தடவையும் ஏமாற்றியதில்லை" என்று வயர்மேன்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர்கள் கையில் உள்ள அனுபவம் அது. ஆனால் அந்த அனுபவம் எதற்குச் சாட்சி என்று பார்க்க வேண்டும். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் வழக்கமாகப் பேனாவை நீட்டுகிறோம். அப்போது வயரில் பெரும்பாலும் சப்ளை இருக்காது. பேட்டரியே இல்லாத பேனாவும் அந்த நேரத்தில் சரியான பதிலைத்தான் தந்திருக்கும். மெயின் ஆஃப் ஆன பிறகும் வயரில் சப்ளை நிற்கும் அந்த அபூர்வ வேளையில்தான் கருவிக்குச் சோதனை. அந்த வேளை ஒருவர் வாழ்நாளில் சில முறைதான் வரும்.

அது வரும் வழிகள் நம் பக்கத்தில் அதிகம். 2011-12ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வாங்கிய இன்வெர்ட்டர்கள் வீடுகளில் நிலைத்துவிட்டன. ஈ.பி. சப்ளை போனாலும், இன்வெர்ட்டர் லைனில் உள்ள போர்டு உயிரோடிருக்கும். நியூட்ரலை இரண்டுக்கும் பொதுவாக இணைத்துவிட்ட வீடுகளில் எது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. விவசாய லைனில் கதை இன்னும் சிக்கலானது. 1990 முதல் இலவச மின்சாரம். கூடவே மூன்று பேஸ் நேரம் போக மற்ற நேரத்தில் இரண்டு பேஸ் மட்டும் விடும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. பயிர் காயும்போது விவசாயி காத்திருக்க முடியாது. கன்டென்சர் போட்டு இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டினார்கள். அப்படி ஓடும் மோட்டாரின் சுற்று வழியாக, இல்லாத மூன்றாவது பேஸின் வயரிலும் வோல்டேஜ் திரும்பி வரும். லைன்மேன்கள் பெரிதும் அஞ்சும் ரிட்டர்ன் சப்ளை இதுதான். இங்கே பேனா கத்தினால் பேஸ் வந்துவிட்டதென்று தப்பாக நினைக்கலாம். கத்தாவிட்டால் அதைவிடப் பெரிய தப்பு நடக்கலாம்.

பழைய நியான் டெஸ்டர் மேலா? அதுவும் உடம்பு வழியாகவே சுற்றை முடிக்கிறது. உள்ளே பெரிய ரெசிஸ்டர் இருப்பதால் ஷாக் அடிக்காது. ஆனால் வெயிலில் மினுக்கம் தெரியாது, ரப்பர் செருப்பில் மங்கும், ஈரம் உள்ளே போய்விட்டால் ஆபத்து. பேட்டரி வேண்டாம் என்பதும், வயரைத் தொட்டே பார்க்கிறது என்பதும் அதன் பலம். பேனாவைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான்.

உண்மையில் நம் வயர்மேன்களிடம் இருந்த நல்ல கருவி டெஸ்ட் லேம்ப். ஒரு ஹோல்டர், இரண்டு வயர், ஒரு குண்டு பல்ப். பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும் என்று இரண்டு முனையில் வைத்துப் பார்ப்பதால் ஆளின் உடம்பு கணக்கிலேயே வராது. குண்டு பல்ப் நிஜமான கரண்ட்டை இழுப்பதால் இன்டக்ஷன் வோல்டேஜ் அதை எரிக்க முடியாது. 400 வோல்ட்டுக்கு இரண்டு பல்பைத் தொடராகப் போட வேண்டும் என்பதை மறந்தால் கண்ணாடி வெடிக்கும். வயர் முனைகளுக்கு உறையும் கிடையாது. அந்தக் குறைகளோடும் அது உண்மை பேசியது. 2015ல் எல்.ஈ.டி. பல்புகளுக்கான உஜாலா திட்டம் வந்தபின் குண்டு பல்ப் கடைகளில் அரிதாகி, அந்த ஹோல்டரில் இப்போது எல்.ஈ.டி. பல்ப் ஏறிவிட்டது. எல்.ஈ.டி. வெறும் இன்டக்ஷனுக்கே மினுக்கும். பார்வைக்கு அதே கருவி, குணம் போய்விட்டது. 10 மெகா ஓம் உள்ளீடு கொண்ட டிஜிட்டல் மல்டிமீட்டரும் கழற்றிப் போட்ட வயரில் இல்லாத வோல்டேஜைக் காட்டித் திகைக்க வைக்கும்.

இதற்கெல்லாம் சரியான விடை இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டர். ஐ.இ.சி. 61243-3 என்ற சர்வதேசத் தரம் இதற்காகவே இருக்கிறது. முனைகளுக்கு உறை, விரல் வழுக்காமல் தடுப்பு, தேவையானால் லோடு கொடுத்துப் பார்க்கும் வசதி எல்லாம் கொண்டது. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 70ஈ தரம் கேட்கும் முறை இது: உயிருள்ள இடத்தில் கருவியைச் சோதி, பிறகு வேலை செய்யும் வயரில் பேஸுக்குப் பேஸ், பேஸுக்கு எர்த் பார், மறுபடி உயிருள்ள இடத்தில் சோதி. மூன்றாவது படியை நம்மில் யாரும் செய்வதில்லை. நடுவில் கருவி செத்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க அது ஒன்றே வழி.

என் தீர்ப்பு இது. நான்-கான்டாக்ட் டெஸ்டரைக் கத்தினால் நிறுத்துவதற்கும், கோளாறு தேடுவதற்கும் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும். அது கத்தாததைக் கொண்டு எந்த வயரையும் தொடக் கூடாது. ஐ.டி.ஐ. செய்முறையிலும், வயர்மேன் தகுதிச் சான்றிதழுக்கான தேர்விலும் மூன்று படிச் சோதனையைக் கையால் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். வீடு கட்டுபவர் பல லட்சம் செலவழிக்கும்போது, வயர்மேன் இரண்டு முனை டெஸ்டர் வாங்கும் தொகையைக் கூலியில் சேர்த்துக் கேட்டால் மறுக்கக் கூடாது. பீங்கான் பியூஸ் இருந்த நாளில், கேரியரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் வேலையில் இறங்குவார்கள். எம்.சி.பி. வந்தபின் அந்தப் பழக்கம் போயிற்று. கீழே யாரோ ஒருவர் லீவரைத் தட்டிவிட்டால் மேலே இருப்பவருக்குத் தெரியாது. எம்.சி.பி.க்கும் பூட்டு மாட்டும் கிளிப் கிடைக்கிறது. பேனா வாங்கும் கடையிலேயே அதையும் கேட்டு வாங்க வேண்டும், பூட்டின் சாவி வேலை முடியும்வரை வயர்மேன் பையில் இருக்க வேண்டும்.