சர்க்கரை இழையில் தங்கும் சேதி

முள் குத்திய இடத்தில் கீமோகைன் என்ற சிறு புரதங்கள் கிளம்புகின்றன. வெள்ளணுக்களை அழைப்பது அவற்றின் வேலை. ஆனால் ஓடும் ரத்தத்தில் எந்த அழைப்பும் நிலைக்காதே! இங்கேதான் நான் வியக்கும் ஏற்பாடு. ரத்தக்குழாயின் உட்சுவரில் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் கரையோர நாணலாக அடர்ந்து நிற்கின்றன. அவற்றின் சல்ஃபேட்டுகளில் எதிர்மின்சுமை. புரதத்தின் லைசின், ஆர்ஜினின் பகுதிகளில் நேர்மின்சுமை. ஒட்டிக்கொள்கின்றன, அதுவும் இறுகிப்போகாமல், விடுபடக்கூடிய அளவுக்கு. எத்தனை நேர்த்தி! சுவரோரம் உருண்டு வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு அந்தச் சேதியைத் தொட்டு நின்று, திசுவுக்குள் நுழைகிறது.

2003இல் அமாண்டா பிரௌட்ஃபுட் குழுவினர் சர்க்கரையைப் பற்ற முடியாதபடி மாற்றிய கீமோகைன்களைச் சோதித்தார்கள். ஆய்வகத் தட்டில் அவை செல்களை ஈர்த்தன. எலியின் உடலுக்குள் ஈர்க்கவில்லை.