போகர் தோற்கக் கூடாதா?

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவரிடம் சித்தர் போகரைப் பற்றிக் கேட்டால், கல்லாவில் இருந்தபடியே கதை சொல்வார். நவபாஷாணம் எனும் ஒன்பது விஷங்களைக் கட்டி மருந்தாக்கி, அந்த மருந்தையே முருகனாக வடித்தவர். சீனாவுக்குப் போய் வந்தவர். கூடு விட்டுக் கூடு பாயத் தெரிந்தவர். மலைக்கோயில் பிரகாரத்திலேயே சமாதியில் இருப்பவர். மாயக்கதை எழுதுகிறவருக்கு இவ்வளவும் ஒரே ஊரில், ஒரே ஆளிடம் கிடைத்தால் விடுவாரா?

எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் விடவில்லை. 1990-களின் பிற்பாதியில் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரின் ‘ரகசியம்’ பகுதியிலேயே அவர் நவபாஷாண லிங்கத்தைக் கதையின் நடுவில் வைத்துவிட்டார். இருபது ஆண்டு கழித்து, ஆனந்த விகடனில் வந்த ‘இறையுதிர் காடு’ தொடரில் நேராகப் போகரிடமே போனார். ‘அன்று’, ‘இன்று’ என்று இரண்டு தண்டவாளங்களில் ஓடிய கதை அது. ‘அன்று’ பகுதியில் பழனி மலைப்பகுதியும் போகரும் அவருடைய சீடர்களும் நவபாஷாண முருகன் உருவாகும் வேலையும். ‘இன்று’ பகுதியில் சென்னை, செல்போன், அரசியல்வாதியான அப்பா, எதையும் கேள்வி கேட்கும் பத்திரிகையாளரான மகள் பாரதி. மேற்கில் இளையோருக்காக அர்பன் ஃபேன்டஸி என்று தனி அலமாரி வைத்து விற்கிறார்கள். இன்றைய நகரத்துக்குள் பழைய மாயம் புகுந்து இளம் நாயகியின் வாழ்க்கையைக் குலைக்கும் கதை. அந்த அலமாரியில் தமிழிலிருந்து ஒரு புத்தகம் வைக்க வேண்டுமென்றால் ‘இறையுதிர் காடு’ தயக்கமில்லாமல் அங்கே போகும். விகடன் அதைத் தன் பெரியவர்களுக்கான தொடராகவே வெளியிட்டது என்பது வேறு விஷயம். நம் வீடுகளில் வார இதழ் தொடரை முதலில் பிரித்துப் படித்ததெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான்.

இந்த வகைத் தொடர்கள் இலக்கிய விமர்சனத்தின் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டு வந்திருக்கின்றன. ஜனரஞ்சகம் என்று ஒரு சொல், அத்தோடு முடிந்தது. அது நியாயமில்லை. கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்ட வாசகர்கள் இவற்றுக்கு இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து வைத்தது எது, அவர்களில் சிலர் பாதியில் சலித்துக்கொண்டது எதனால் என்று பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

பிடித்து வைத்தது முதலில் இடம். ஹாரி பாட்டரின் ஹாக்வர்ட்ஸுக்கு ரயில் ஏற வேண்டுமானால் கற்பனையில்தான் ஏற முடியும். பழனிக்குத் திண்டுக்கல்லிலிருந்து பஸ் இருக்கிறது. கதையில் போகர் நடமாடும் குன்றில் இன்று 693 படிகள் ஏறலாம், கால் வலித்தால் விஞ்ச் இருக்கிறது, ரோப் காரும் இருக்கிறது. ராக்கால பூஜையில் மூலவருக்குச் சாத்திய சந்தனத்தை மறுநாள் வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் ‘அன்று’ பகுதியைப் படிக்கும்போது, கதையின் மூலப்பொருளே பூஜை அறையில் டப்பாவில் இருக்கிறது. எந்த வெளிநாட்டு மாயத்தொடராலும் தன் வாசகருக்கு இதைக் கொடுக்க முடியாது.

இரண்டாவது, பொருள்களைப் பற்றிய விவரம். ‘இறையுதிர் காடு’ உயிர்ப்போடு இருக்கும் பக்கங்கள் அரசியலோ துரத்தலோ வரும் பக்கங்கள் அல்ல. சிலை செய்யும் வேலை நடக்கும் பக்கங்கள்தான். பாஷாணம் எது, மூலிகை எது, எதை எதோடு சேர்த்தால் கட்டும், யாருக்கு எந்த வேலை என்று போகரின் கொட்டாரம் ஒரு பட்டறை போல இயங்குகிறது. மந்திரக்கோலை ஆட்டியவுடன் நடந்துவிடும் மாயமில்லை இது. உலையும் சாறும் நாள் கணக்கும் உள்ள மாயம். தமிழ் மரபில் சித்தர் முதலில் ஒரு தொழில்காரர், பிறகுதான் அற்புதக்காரர் என்ற உண்மையை இந்தப் பக்கங்கள் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன.

மூன்றாவது, நிஜமே கதைக்குக் கை கொடுத்தது. 2004-ல் பழனிக் கோயிலில் மூலவருக்கு முன்பாக ஓர் ஐம்பொன் சிலை வைக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பி, சில மாதங்களில் அது அகற்றப்பட்டது. 2018-ல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு போலீஸ் அந்த விவகாரத்தைத் தோண்டி வழக்குப் பதிந்து, கைதும் செய்தது. மூலவரை மறைக்க ஏன் முயன்றார்கள், நவபாஷாணத்துக்கு வெளிநாட்டில் என்ன விலை என்றெல்லாம் டீக்கடையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரத்தை ஒட்டித்தான் இந்தத் தொடரும் வந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு விகடனை எடுத்தால் அதே ஊர், அதே சிலை.

இனி சலிப்பின் பக்கம்.

இவ்வகைத் தொடர்களில் முடிச்சு அவிழும் விதத்தைக் கொஞ்சம் கவனித்தால் போதும். கனவு வரும், ஜோதிடர் சொல்வார், சந்துமுனையில் ஒரு சாமியார் எதிர்ப்பட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நாயகி தன் அறிவால் கண்டுபிடிப்பது குறைவு. அவளுக்குத் தெரிவிக்கப்படுவதே அதிகம். நடுவில் ஒரு பெரியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அணு, அண்டம், பிராணன் என்று இரண்டு பக்கம் பேசுவார். எதிரில் இருப்பவர் “அப்படியா சார்!” என்பார். வாராவாரம் படிக்கும்போது இதெல்லாம் ஓடிவிடும். மொத்தமாகப் புத்தகமாகப் படிக்கும்போதுதான், போன அத்தியாயத்தில் சொன்னதையே இந்த அத்தியாயத்தின் முதல் பத்தியில் திரும்பச் சொல்வதும், ஒவ்வொரு கடைசி வரியிலும் யாராவது திடுக்கிடுவதும் கண்ணில் உறுத்துகின்றன. இவை தொடர்கதை என்ற வடிவத்தின் கூலி. எழுத்தாளரை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆழமான குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் கதைகளில் போகர் தோற்க மாட்டார். தவறு செய்யவும் மாட்டார். அவர் செய்த ஒன்றால் யாருக்காவது தீங்கு வந்தது என்ற நிலையே எழாது. ஆசிரியர் வாசகரின் பக்தியைக் கடனாக வாங்கிக் கதையை நடத்துகிறார். கடன் வாங்கிய பொருளை உடைக்க அவருக்கு உரிமை இல்லை. ஆகவே கேள்வி கேட்டுக்கொண்டு உள்ளே வரும் இளம்பெண், தொடரின் முடிவுக்குள் கைகூப்பியே ஆக வேண்டும். அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்பது பத்தாவது வாரத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அவள் கேள்விகளில் கூர் எப்படி இருக்கும்? இளையோருக்கான மாயக்கதையின் நாடித்துடிப்பே, மாயம் தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துமோ என்று நாயகிக்கு வரும் பயம்தான். இங்கே அந்தப் பயத்துக்கு இடமில்லை. வில்லனுக்குத்தான் பயம்.

ரிக் ரியோர்டன் 2005-ல் தொடங்கிய பெர்சி ஜாக்சன் வரிசையில் கிரேக்கக் கடவுள்கள் பெற்ற பிள்ளையை மறந்துபோகும் அப்பாக்களாக, சிடுசிடுப்பவர்களாக, பொய் சொல்பவர்களாக வருகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் அவர்களைப் பார்த்துக் கோபப்படலாம். நியூயார்க்கில் யாரும் காலையில் எழுந்து ஸியூஸுக்கு விளக்கேற்றுவதில்லை என்பதால் ரியோர்டனுக்கு அந்தச் சலுகை. ரோஷனி சோக்ஷி 2018-ல் தொடங்கிய ஆரு ஷா வரிசை, பாண்டவர்களின் ஆன்மாக்களை இன்றைய சிறுமிகளுக்குள் வைத்தது. அட்லாண்டாவின் தூரம் அவருக்கு உதவியது. பழனியில் தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் காவடி வருகிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று போகரைச் சந்தேகிக்கும் கதை எழுதுவது லேசான காரியமல்ல. அமிஷ் 2010-ல் ‘மெலூஹா’வில் சிவனை மனிதனாக்கித் தப்பித்தார் என்றால், அதற்கு அவர் கதையை நான்காயிரம் ஆண்டுக்குப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது.

ஆனால் தமிழில் வழியே இல்லையா என்றால், உண்டு. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பேயா, விஞ்ஞானமா என்ற கேள்வியை வக்கீல்கள் கணேஷுக்கும் வசந்துக்கும் நடுவே கயிறாக இழுத்துப் பிடித்து, கடைசிவரை யாரிடமும் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. ‘மர்மதேசம்’ வரிசையிலேயே ‘விடாது கருப்பு’ நினைவில் நிற்பதற்கும் அதுதான் காரணம். கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஊர் நடுங்குகிறது. பிளவுண்ட மனம் என்று உளவியல் ஒரு விடை சொல்கிறது. அந்த விடைக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நவபாஷாணத்தின் முன்னால் மட்டும் அதே எழுத்தாளரின் கை ஏன் அவ்வளவு பவ்யமாகிவிட்டது என்பது அவருடைய வாசகர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று. 2024 நவம்பரில் மதுரையில் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகள் அவரை ஆன்மிக எழுத்தாளர் என்றும் மர்ம எழுத்தாளர் என்றும் சேர்த்தே சொல்லின. இந்த இரண்டு வேலைகளும் ஒன்றின் காலை ஒன்று மிதித்ததும் உண்டு.

சினிமா வேறு வழியில் போனது. 2017-ல் வந்த ‘போகன்’ படம் போகரின் சுவடியைத் தூக்கி ஒரு திருடன் கையில் கொடுத்தது. அவன் கூடு விட்டுக் கூடு பாய்ந்து போலீஸ்காரன் உடம்பில் குடியேறுகிறான். மசாலாப் படம்தான், ஆனால் சித்து என்பது கெட்டவனுக்கும் வேலை செய்யும் என்று காட்டிய ஒரு விஷயத்தில் அது பக்தித் தொடர்களைத் தாண்டிவிட்டது. நல்லவர் கையில் மட்டும் சுடும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கதை சொல்வது சிரமம்.

நவபாஷாணத்துக்கு வழக்கில் உள்ள ஒரு பட்டியலைப் பார்த்தால் வீரம், பூரம், ரசம், ஜாதிலிங்கம் என்று ஒன்பதில் நான்கு பாதரசமோ பாதரசச் சேர்மமோதான். பழனியில் அந்தப் பாதரசம் கட்டுண்டு தெய்வமாக நிற்கிறது என்பது நம்பிக்கை. அதே மலைத்தொடரில், சாலை வழியாகச் சுமார் 65 கிலோமீட்டர் மேலே ஏறினால் கொடைக்கானல். அங்கே 1980-களில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நிறுவிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் உடைந்த கண்ணாடிக் குழாய்கள் பாதரசத்தோடு பழைய இரும்புக் கடைக்குப் போயின. அது 2001-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அப்போது இந்துஸ்தான் லீவர் வசம் இருந்த தொழிற்சாலை மூடப்பட்டது. பாம்பார் சோலையை ஒட்டிய மண்ணில் பாதரசம் இறங்கியிருந்தது. வேலை பார்த்தவர்கள் நடத்திய நீண்ட வழக்கு 2016-ல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஓர் உடன்பாட்டில் முடிந்தது.

அந்த நினைவை வைத்துக் கார்த்திக் சுப்புராஜ் 2018-ல் ‘மெர்க்குரி’ எடுத்தார். பாதரச நஞ்சால் கேட்கவும் பேசவும் முடியாமல் பிறந்த இளைஞர்கள், மூடிக்கிடக்கும் ஆலை, அதற்குள் துரத்தும் ஓர் ஆவி. வசனமே இல்லாத படம். கடைசி அரைமணியில் இசையும் கண்ணீரும் அளவுக்கு மிஞ்சிப் போனாலும், இளையோர் மாயக்கதைக்கு வேண்டிய முதல் தகுதி அதில் இருந்தது: அந்தப் பிள்ளைகள் கொலைகாரர்களும் ஆகிறார்கள், பாதிக்கப்பட்டவர்களும் ஆகிறார்கள். ஆவியின் கோபத்துக்கும் நியாயம் உண்டு. மலையின் அடியில் பாதரசம் கடவுள், உச்சியில் விஷம். இரண்டையும் ஒரே கதைக்குள் கொண்டுவரும் துணிச்சல் இதுவரை அச்சிலும் வரவில்லை, திரையிலும் வரவில்லை. போகர் கட்டிய ரசம் உண்மையென்றால், கட்டாத ரசம் தண்ணீரில் கலந்தபோது அவர் சமாதியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு பதினாறு வயதுப் பெண் கேட்கும் நாவலைப் பழனிக்காரர்களே விரும்பிப் படிப்பார்கள். பக்தி அவ்வளவு பலவீனமானதல்ல. முருகனையே ஏசிப் பாடிவிட்டு மலையேறும் கூட்டம்தானே.

இதே மலையில் எழுத்தாளர்கள் கண்ணில் படாமல் கிடக்கும் இன்னொன்றும் இருக்கிறது. தாண்டிக்குடி, பேத்துப்பாறை பக்கம் கற்திட்டைகள் நிறைய. ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு இயேசு சபைப் பாதிரியார்கள் இவற்றை ஆராய்ந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1928-ல் நூலாக வெளியிட்டது. குள்ளர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் என்பது உள்ளூர்க் கதை. குள்ளர் குகை என்று சுற்றுலாக் கைகாட்டி வைத்துக் காட்டுகிறார்கள். இந்தக் குள்ளர்களைக் கும்பிட யாரும் வருவதில்லை. அவர்கள் பொய் சொல்லலாம், திருடலாம், தோற்கலாம், ஒரு பிளஸ் டூ மாணவியோடு சண்டை பிடிக்கலாம். யார் மனமும் புண்படாது. மலையின் பளியர் குடிகளும் அப்படித்தான் கதைக்கு வெளியே நிற்கிறார்கள். சித்தர் தொடர்களில் மூலிகை காட்டிக் கொடுக்க, வழி சொல்ல, இரண்டு பக்கத்துக்கு ஒரு பளியர் வந்து போவார். அவருக்குப் பெயர்கூட இருப்பது அரிது. மூலிகையைப் போகருக்குக் காட்டியவர் யார் என்ற இடத்திலிருந்து ‘அன்று’ பகுதியைத் தொடங்கியிருந்தால், அந்தப் பட்டறையில் சீடர்களுக்குச் சமமாக உட்கார்ந்து, குருவின் முகத்துக்கு நேரே “இது சேராது” என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்திருப்பார்.