தகரமா, தங்கமா? கொரிய கார் பற்றி நாம் மாற்றி மாற்றிச் சொன்னவை

போன மாதம் திருமங்கலத்தில் அக்கா வீட்டில் ஒரு பஞ்சாயத்து. அக்கா மகளுக்கு விருதுநகரில் வேலை கிடைத்திருக்கிறது. கள்ளிக்குடி வழியாக நாலு வழிச் சாலையில் தினமும் போய் வர ஒரு பழைய கார் பார்க்கிறார்கள். அவள் பார்த்து வைத்திருந்தது ஒரு கொரிய கம்பெனியின் சின்ன வண்டி. மச்சான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அது தகரம்." பக்கத்து வீட்டுப் பெரியவர் விடவில்லை. "கொரியா வண்டின்னா தங்கம்ல! விக்கிறப்ப போட்ட காசு வந்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே மச்சான் 2005 வாக்கில் கொரிய வண்டியைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்கமாட்டார். இதே பெரியவர் 1999-ல், "கொரியாக்காரன் டிவி செய்வான், கார் செய்வானா?" என்று கேட்டவர். இருபத்தைந்து வருடத்தில் இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நேற்று பாஸ் ஆன புரோகிராம் இன்று ஃபெயில் ஆனால், கோட் மாறியதா, டெஸ்ட் மாறியதா என்று முதலில் பார்ப்போம். கொரிய கார் விஷயத்தில் கோடும் மாறியது உண்மைதான். ஆனால் நம் கருத்து புரண்டதற்குப் பெரிய காரணம், நாம் வைத்த டெஸ்ட் மாறியதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் டெஸ்ட்டை வைத்தது மெக்கானிக். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கட்டி, 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை இறக்கியது. அப்போது காரென்றால் மாருதி 800, அல்லது அம்பாசடர். சான்ட்ரோவில் கார்பரேட்டர் கிடையாது, எம்பிஎஃப்ஐ. "கம்ப்யூட்டர் வச்ச வண்டிண்ணே. வழியில நின்னா எவன்ட்ட காட்டுவீங்க?" என்பார்கள் ஒர்க்‌ஷாப்பில். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. கையில் ஸ்க்ரூடிரைவரோடு சரிசெய்ய முடியாததெல்லாம் அன்றைக்குத் தரமில்லாத வண்டி. உயரமான அந்த உருவத்துக்கும் நிறையக் கிண்டல்.

கம்பெனிக்கும் இந்தச் சந்தேகம் தெரிந்திருந்தது. அந்த முதல் விளம்பரங்களை நினைவிருக்கிறதா? கொரிய அதிகாரி ஒருவர் ஷாருக் கானிடம் வந்து எங்கள் காருக்கு விளம்பரம் செய்யுங்கள் என்று கேட்பார். இவர் உடனே ஒத்துக்கொள்ளாமல் கேள்வி கேட்பார். காரைப் புகழ்வதற்குப் பதிலாக, காரைப் பற்றிய அவநம்பிக்கையையே கதையாக்கிய விளம்பரம் அது. நம்ம ஊர் டீக்கடைக் கேள்வியை நடிகர் வாயில் வைத்துவிட்டார்கள். சாமர்த்தியம்தான். இன்றைய கார் விளம்பரங்களில் அந்த அடக்கம் கிடையாது.

அந்தச் சந்தேகத்துக்கு இன்னொரு கொரிய கம்பெனியும் தீனி போட்டது. டேவூ 1995-ல் சியலோவோடு வந்தது, 1998-ல் மாட்டிஸ். மாட்டிஸ் நல்ல வண்டி, இத்தாலிக்காரர் ஜுஜாரோவின் கம்பெனி வரைந்த உருவம். ஆனால் 2000-ல் தாய்க் கம்பெனியே திவாலானது. வண்டி நன்றாக இருந்து கம்பெனி செத்துப்போனால் வாங்கியவன் கதி என்ன? "கொரியா" என்ற ஒரே லேபிளுக்குக் கீழே இரண்டு கம்பெனிகளையும் போட்டு ஊர் தீர்ப்பு எழுதியது. பழைய கார் சந்தையில் வாங்குகிறவனுக்கு வண்டியின் உள்விவரம் தெரியாது என்பதை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் ஒரு புகழ்பெற்ற பொருளாதாரக் கட்டுரை எழுதினார். உள்விவரம் தெரியாதவன் லேபிளைத்தான் பார்ப்பான்.

பிறகு சான்ட்ரோ எப்படி ஜெயித்தது? நிபுணர்கள் எஞ்சினைச் சொல்வார்கள். நான் முழங்காலைச் சொல்வேன். 2004-ல் அப்பாவுக்கு ஒரு பழைய சான்ட்ரோ வாங்கினோம். வேட்டியோடு குனியாமல் ஏறி உட்கார்ந்தார். அம்மாவுக்குப் புடவையோடு இறங்குவதில் சிரமமில்லை. எந்த உருவத்தைக் கேலி செய்தோமோ, அந்த உயரம்தான் மூட்டுவலி வீடுகளில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. சித்திரை வெயிலில் ஏசி குளிர்ந்தது. மெக்கானிக்குகளும் எம்பிஎஃப்ஐ கற்றுக்கொண்டார்கள். செகண்ட் ஹேண்ட் விலை நின்றது. இப்போது டெஸ்ட் வைத்தவர் புரோக்கர். அவர் பாஸ் போட்டால் வண்டி "தங்கம்".

இந்தப் புரட்டல் நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1986-ல் ஹூண்டாய் எக்செல் 4,995 டாலருக்கு வந்து, முதல் வருடமே 1,68,882 விற்றது. அப்புறம் ரிப்பேர் மேல் ரிப்பேர், பெயரே நகைச்சுவையானது. 90-களின் கடைசியில் கம்பெனி பத்து வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி கொடுத்தது. வார்த்தையால் மீட்க முடியாத பெயரைத் தன் காசைப் பணயம் வைத்து மீட்டது. அதோடு சுபம் போட முடியாது. 2015-லிருந்து அங்கே எஞ்சின் கோளாறுக்காக லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது.

மூன்றாவது டெஸ்ட்தான் மச்சானின் "தகரம்". 2014 தொடக்கத்தில் குளோபல் என்கேப் ஐந்து இந்தியக் கார்களை மோதிப் பார்த்தது: ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. எல்லாம் ஏர்பேக் இல்லாத மாடல்கள். ஐந்துக்கும் பூஜ்யம். ஜெர்மன் இரும்பு என்று நாம் கும்பிட்ட போலோவுக்கும் பூஜ்யம்தான். ஆனால் போலோ, ஃபிகோவின் கூடு நின்றது, ஐ10-இன் கூடு தாங்கவில்லை. போலோவில் ஏர்பேக் போட்டு மறுபடி மோதியதும் நாலு நட்சத்திரம் வந்தது.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான். அதே தலைமுறை ஐ10, நம்ம சென்னையில் செய்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய வண்டி. 2008-ல் யூரோ என்கேப் அதற்கு நாலு நட்சத்திரம் கொடுத்திருக்கிறது. சோதனை முறையும் வேறு, ஏர்பேக்குகளும் உண்டு, நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் ஒரே தொழிற்சாலை, ஒரே பெயர். அந்த ஊருக்குப் போன வண்டியில் இருந்தது நம் ஊர் அடிமட்ட மாடலில் இல்லை. இதில் கொரியா எங்கே வந்தது? அங்கே சட்டமும் சந்தையும் கேட்டன. இங்கே டிரைவர் பக்க ஏர்பேக்கைக் கட்டாயமாக்க 2019 ஆயிற்று.

கம்பெனியை நான் விடுவிக்கவில்லை. 2020-ல் கியா செல்டாஸ், 2022-ல் கிரெட்டா, ஐ20 எல்லாமே மூன்று நட்சத்திரம், கூடு உறுதியில்லை என்ற குறிப்போடு. அதற்குள் நம் நாட்டு நெக்ஸான் 2018-லேயே ஐந்து வாங்கிவிட்டது. பிறகு 2023 அக்டோபரில் வெர்னா ஐந்து நட்சத்திரம், எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் என்ற அறிவிப்பு. செய்யத் தெரியாமலா இருந்தார்கள்? கேட்கும்வரை செய்யவில்லை.

மச்சானின் டெஸ்ட்டிலும் கோளாறு உண்டு. பானெட்டை விரலால் அழுத்தி, "பாருங்க, உள்ள போகுது" என்கிறார். வெளித் தகடு வெறும் சட்டை. மோதலைத் தாங்குவது உள்ளிருக்கும் எலும்புக்கூடு. முன்பக்கம் நசுங்க வேண்டும், உட்காருகிற இடம் நசுங்கக் கூடாது. நசுங்காத பழைய அம்பாசடரில் அடி முழுக்க மனுசனுக்கு.

சரி, என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் சித்தப்பா மகன் தம்பி ஒருவனுக்குக் கார் தேர்ந்தெடுக்க எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தேன். மெயிலில் இன்னும் கிடக்கிறது. மைலேஜ், ஏசி, சர்வீஸ் சென்டர் தூரம், ரீசேல் என்று பதினொரு வரிசை. பாதுகாப்புக்கு ஒரு வரிசை இல்லை. ஏர்பேக் உள்ள மாடலுக்கு முப்பதாயிரம் கூட ஆகும் என்றான். "வேஸ்ட்டுடா, அந்தக் காசுக்கு நல்ல மியூசிக் சிஸ்டம் போடு" என்று எழுதியிருக்கிறேன். கேட்காதவர்கள் பட்டியலில் பிஇ படித்த நானும் இருக்கிறேன். வண்டி எந்த நாட்டுக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அது இன்னும் ஓடுகிறது. அக்கா மகள் ஓட்டிப் பழகியதே அதில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் புரோக்கரிடம் போனோம். "சிங்கிள் ஓனர், நாலு டயரும் புதுசு, டச் ஸ்கிரீன் போட்டிருக்கு" என்று அடுக்கினார். அவள் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, இதுல எத்தனை ஏர்பேக்?" அவர் என்னைப் பார்த்தார். நான் மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்டீயரிங் நடுவில் எஸ்ஆர்எஸ் என்ற எழுத்து இருந்தது. இடது பக்க டாஷ்போர்டில் இல்லை.

"மாமா, அம்மா உக்கார்றது அந்தப் பக்கம்தான்" என்றாள். வேறு வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.