சாவா மருந்தும் மாற்றுடலும்: ‘ஹார்வெஸ்ட்’ நாடகம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மனித உடலின் ஆற்றலையும் ஆயுளையும் இயற்கையின் எல்லைக்கு அப்பால் பெருக்க முயலும் மருத்துவ நுட்பங்கள் வளர்ந்துவரும் காலம் இது. அவை செல்வர்க்கு மட்டுமே உரியன ஆகிவிடுமா என்பது இன்றைய அறவியலின் தலையாய வினாக்களுள் ஒன்று. இவ்வினாவை மும்பையை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்ந்த படைப்பு, மஞ்சுளா பத்மநாபன் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஹார்வெஸ்ட்’ (அறுவடை) என்னும் நாடகமாகும். இது 1997ஆம் ஆண்டு ஓனாசிஸ் பன்னாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. கோவிந்த் நிஹலானி 2001இல் இதனைத் ‘தேஹம்’ என்னும் பெயரில் திரைப்படமாக்கினார். தமிழ் மரபில் காணப்படும் ‘சாவா மருந்து’ பற்றிய சிந்தனையோடு இந்நாடகத்தை ஒப்பிட்டு, அதன் வலிமையையும் குறையையும் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

நாடகத்தின் கரு

எழுதப்பட்ட காலத்தில் எதிர்காலமாக இருந்த 2010ஆம் ஆண்டில் நாடகம் நிகழ்கிறது. வேலையிழந்த எழுத்தர் ஓம், தாய், மனைவி ஜயா, தம்பி ஜீத்து ஆகியோருடன் ஓர் அறைக் குடியிருப்பில் வாழ்கிறான். ‘இன்டர்பிளான்ட்டா’ என்னும் நிறுவனத்தின் வழியாகத் தன் உடலை அமெரிக்கச் செல்வர் ஒருவருக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறான். உடலைத் தருபவன் மணமாகாதவனாக இருத்தல் வேண்டும் என்பதால் மனைவி தங்கை எனப் பதிவு செய்யப்படுகிறாள். கூரையிலிருந்து தொங்கும் கருவியில் தோன்றும் ஜின்னி என்னும் இளம்பெண் அக்குடும்பத்தைக் கண்காணிக்கிறாள். அயலாருடன் பொதுக் கழிப்பறையைப் பகிர்ந்து வந்த அவர்களுக்குத் தனிக் கழிப்பறையும் சத்துணவும் வந்து சேர்கின்றன.

நாடகத்தின் கூர்மையான பகுதி இதுவே எனலாம். அக்குடும்பத்தின் உடல்நலத்தில் முதன்முதலாக ஒருவர் அக்கறை காட்டுகிறார். ஆனால் அது பயிரின்மீது உழவன் காட்டும் அக்கறை. நாடகத்தின் தலைப்பு இங்கே பொருள் பெறுகிறது. இறுதியில் ஓமுக்குப் பதிலாக ஜீத்து தவறுதலாகக் கொண்டு செல்லப்படுகிறான். ஜின்னி என்பவள் கணினி உருவாக்கிய பிம்பமே என்பதும், உண்மையில் உடலைப் பெறுபவன் உடல் விட்டு உடல் மாறி வாழும் விர்ஜில் என்னும் முதியவன் என்பதும் வெளிப்படுகின்றன.

நெல்லிக்கனி மரபு

பெறுதற்கரிய ஆயுள் மருந்து ஒருவர் கையில் கிடைத்தால் அவர் செய்யத்தக்கது யாது என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. பெருமலைப் பிளவில் அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியை, அதன் பயனைச் சொல்லாமல் உள்ளத்தே அடக்கி, அதியமான் நெடுமான் அஞ்சி தனக்கு அளித்ததை ஔவையார் புறநானூற்றின் 91ஆம் பாடலில் போற்றுகிறார். அமிழ்தமே வாய்ப்பினும் தனித்து உண்ணாத சான்றோரால் இவ்வுலகம் நிலைபெற்றுள்ளது என்பது 182ஆம் பாடலின் கருத்து. விருந்தினர் புறத்தே இருக்கச் சாவா மருந்தையும் தனித்து உண்ணல் வேண்டற்பாலதன்று என்கிறது 82ஆம் குறள்.

இம்மூன்றிலும் மருந்து உடையவரிடமிருந்து இல்லாதவரை நோக்கிச் செல்கிறது. ‘ஹார்வெஸ்ட்’ இத்திசையைத் தலைகீழாக்குகிறது: இல்லாதவரின் உடலே உடையவருக்குச் சாவா மருந்தாகிறது. மறைத்தலும் அவ்வாறே திசை மாறுகிறது. அதியமான் மறைத்தது பெறுபவர் அடையும் நன்மையை. விர்ஜில் மறைப்பது பெறுபவன் யார் என்பதையே.

எனினும் நெல்லிக்கனியைத் தீர்வாகக் கொள்வது பொருந்தாது. அது புலமையை மதித்த ஒரு வேந்தன் விரும்பி ஈந்த கொடை. அதனைக் கேட்டுப் பெறும் உரிமை எவர்க்கும் இருந்ததில்லை. கொடுப்போன் மனம் மாறின் கொடையும் இல்லை. உரிமை, கொடை என்னும் இவ்வேறுபாட்டைக் கருதாமல் பழம்பாடல்களைக் காட்டி நிறைவடைவது திறனாய்வாகாது.

மாஹிம் என்னும் அளவுகோல்

நாடகத்தின் குறை அதன் நிலவியலில் உள்ளது. உடல் தருபவர் இந்தியாவிலும் பெறுபவர் அமெரிக்காவிலும் வைக்கப்பட்டமையால், சிக்கல் நாடுகளுக்கிடையே உள்ளதாக மட்டும் தோற்றமளிக்கிறது. இந்தியச் செல்வர் இதில் குற்றமற்ற பார்வையாளராகிவிடுகிறார்.

மும்பையின் மாஹிம் இதனை மறுக்கிறது. மாஹிம் ரயில் நிலையத்திற்குக் கிழக்கே தாராவி உள்ளது. மேற்கே, கடற்கரையை ஒட்டி, ஹிந்துஜா மருத்துவமனை என்னும் தனியார் பெருமருத்துவமனை உள்ளது. தாராவி மக்கள் பெரிதும் நாடுவது சயானில் உள்ள மாநகராட்சி மருத்துவமனையை. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர் தாராவியில் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். கல்வியாலும் அலுவலகப் பணியாலும் உயர்ந்த தமிழர் அருகிலுள்ள மாட்டுங்காவில் வாழ்கின்றனர். மொழி ஒன்று, நகரம் ஒன்று. ஆயினும் மருத்துவத்தை எட்டும் தொலைவு வேறு. ஆகவே விர்ஜிலைத் தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை.

தமிழகத்தின் பட்டறிவும் இதனையே காட்டுகிறது. சிறுநீரக விற்பனையால் சென்னையின் வில்லிவாக்கம் ‘கிட்னிவாக்கம்’ எனப் பெயர் பெற்ற காலம் உண்டு. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடைசெய்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தப்பட்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2002இல் வெளிவந்த ஆய்வு, அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றனர் என்றும், விற்றபின் சராசரிக் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றும் கண்டது. உறுப்பு மாற்று நோய் நீக்கும் மருத்துவமே. உடலை மேம்படுத்தும் நுட்பமன்று. ஆயினும் உயிர்காக்கும் நுட்பத்திலேயே உடல் இத்திசையில் சென்றிருக்க, மேம்படுத்தும் நுட்பம் தானாகவே நேர்மையாகப் பங்கிடப்படும் என எதிர்பார்க்க இடமில்லை. அரிவாள் அணு இரத்தசோகைக்கு 2023இல் ஒப்புதல் பெற்ற மரபணுத் திருத்த மருந்தின் அமெரிக்க விலை 22 இலட்சம் டாலர் என்பதும், இந்தியாவில் அந்நோய் பழங்குடி மக்களிடையே மிகுதி என்பதும் இணைத்து நோக்கத்தக்கன.

முடிவுரை

நாடகத்தின் இறுதியில் ஜயா தன் உயிரையே பணயமாக வைத்து, தன்னை விரும்பும் விர்ஜில் கருவி வழியாகவன்றித் தன் சொந்த உடலோடு நேரில் வரவேண்டும் என்கிறாள். நாடகம் எழுப்பும் கோரிக்கைகளுள் இதுவே வலியது. பெறுபவன் தருபவர் கண்முன் நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். விர்ஜிலைக் கடலுக்கு அப்பால் வைத்ததால் நாடகம் இக்கோரிக்கையை நிறைவேற்ற இயலாது நிற்கிறது. மாஹிமில் இருவருக்கும் இடையே இருப்பது ஒரு ரயில் பாதையே.

செல்வர்க்கு மட்டும் இந்நுட்பங்கள் கிட்டுமா என்னும் வினா, அவை எவருடைய உடலையும் உழைப்பையும் கொண்டு கிட்டுகின்றன என்னும் வினாவோடு சேர்த்தே கேட்கப்பட வேண்டும். தனித்து உண்ணாமையை அறமாகக் கண்ட மரபு நமக்கு உண்டு. அதனைக் கொடையின் புகழாக மட்டும் கற்பித்தல் போதாது. பொது மருத்துவமனையின் வாயிலில் நிற்பவரின் உரிமையாக அதனை விரித்துரைப்பது இன்றைய தமிழாய்வின் கடமையாகும்.