கெவ்லார் என்ற பெயரும் முழங்கால் தோலும்

தேய்மானம் என்றால் என்ன என்பதை நெய்வேலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1957-இல் இங்கு சுரங்கம் வெட்டத் தொடங்கிய பின், பழுப்பு நிலக்கரியை மூடிக்கிடந்த கடலூர் மணற்பாறை பொறியாளர்களுக்குப் பெருந்தலைவலியாக இருந்தது. அப்பாறையிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் பக்கெட் வீல் எந்திரங்களின் எஃகுப் பற்களையே விரைவாகத் தேய்த்துவிட்டன. பாறையை வெடிவைத்துத் தளர்த்திய பிறகு வெட்டும் முறை வந்தது. பற்களின் உலோகமும் வடிவமும் மாற்றப்பட்டன.

எஃகைத் தேய்க்கும் அதே குவார்ட்ஸ் மணல்தான் நம் சாலை ஓரங்களிலும் சிந்திக் கிடக்கிறது. நெய்வேலிக்கு ஷிப்டு வேலைக்கும் கல்லூரிக்கும் முத்தாண்டிக்குப்பம், பண்ருட்டி, வடலூர்ப் பக்கங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் ஏராளம். அவர்கள் தலையில் ஹெல்மெட் இருக்கலாம். காலில் என்ன இருக்கிறது? மெல்லிய பேண்ட், லுங்கி, சுடிதார், சேலை. எஃகுப் பல் தேய்ந்தால் மாற்றிவிடலாம். முழங்கால் தோல் உரிந்து சதை தெரிந்தால், தினக்கூலிக்காரர் பல நாள் சம்பளத்தை இழந்து படுக்க வேண்டும்.

இந்தத் தேவையைக் கண்டு, 'உராய்வு தாங்கும் கால்சட்டைகள்' இப்போது நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. நல்லவை பல ஆயிரம் ரூபாய். அவற்றைப் போலவே தோன்றும் மலிவுச் சரக்கும் உண்டு. இவற்றைப் பற்றிச் சொல்லப்படும் கூற்றுகளையும், அவற்றை அளக்கும் அளவுகோல்களையும் இயற்பியல் நோக்கில் சற்று உரசிப் பார்ப்போம்.

விழும்போது நடப்பது என்ன?

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். வண்டி சாய்ந்து, ஓட்டியவர் சாலையில் சறுக்குவதாக வைத்துக்கொள்வோம். துணிக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.6 எனக் கொண்டால், வேகக் குறைவு 0.6 × 9.8, அதாவது ஏறத்தாழ 5.9 மீ/வி². அவர் நிற்பதற்குள் 2.4 விநாடி ஆகும். 16 மீட்டர் சறுக்கியிருப்பார். வேகம் 80 கி.மீ. ஆனால் 3.8 விநாடி, 42 மீட்டர். வேகம் 1.6 மடங்குதான் கூடியது. சறுக்கும் தொலைவோ இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. தொலைவு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்ற பாடப்புத்தகச் சூத்திரம் இங்கே தோலில் எழுதப்படுகிறது.

60 கிலோ எடையுள்ளவர் 50 கி.மீ. வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 5,800 ஜூல். சறுக்கும்போது இதில் பெரும்பகுதி வெப்பமாகவும், இழைகளை அறுக்கும் வேலையாகவும் மாறுகிறது. அந்த வேலை கால் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. எலும்பு புடைத்திருக்கும் முழங்காலிலும் இடுப்பின் பக்கத்திலும் அழுத்தம் மிகுதி. ஓட்டை முதலில் விழுவதும் அங்கேதான்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. இருக்கையின் உயரமான 0.8 மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் கீழ்நோக்கிய வேகம் விநாடிக்கு 4 மீட்டர். வண்டி 30-இல் போனாலும் 80-இல் போனாலும் இந்த எண் மாறாது. ஆகவே கால்சட்டைக்கு வேலை இரண்டு: விழும் அடியைத் தாங்குவது ஒன்று, பிறகு வரும் உராய்வைத் தாங்குவது மற்றொன்று. முதல் வேலையைச் செய்வது உள்ளே வைக்கும் மெத்தை போன்ற காப்பு. இரண்டாவதைச் செய்வது துணி. கடையில் இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

மூன்று கூற்றுகள்

'கெவ்லார் போட்டது' என்பது முதல் கூற்று. 1965-இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலார் ஸ்டெபனி குவோலெக் கண்ட இழையின் வழிவந்தது கெவ்லார். எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு இழுவிசை தாங்கும், சூட்டில் உருகாது. இவையெல்லாம் மெய். ஆனால் இழுத்தால் அறாமல் இருப்பதும் தேய்த்தால் தேயாமல் இருப்பதும் வெவ்வேறு குணங்கள். மேலும், துணியில் இந்த இழை எவ்வளவு கலந்திருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லாது. முழங்காலில் மட்டும் ஓர் ஒட்டுத்துணி வைத்துவிட்டு, கால்சட்டை முழுவதற்கும் அந்தப் பெயரைச் சூட்டலாம். இடுப்பு வெறும் ஜீன்ஸாகவே இருக்கும். இந்த இழை வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

'சி.ஈ. முத்திரை பெற்றது' என்பது இரண்டாவது. எது பெற்றது என்று கேளுங்கள். முழங்கால், இடுப்புக் காப்புகளுக்கு இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது. 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலுடன் காப்பின்மேல் விழச் செய்வார்கள். அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து. மறுபக்கம் வரும் விசை சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்கு மேற்படாவிட்டால் முதல் நிலை. 20-க்கு மேற்படாவிட்டால் இரண்டாம் நிலை. இது முழுக்க முழுக்கக் காப்பைப் பற்றிய சோதனை. துணியைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. காப்பின்மேல் உள்ள முத்திரையைக் காட்டிக் கால்சட்டையை விற்பது, ஹெல்மெட்டின் முத்திரையைக் காட்டிச் சட்டையை விற்பதற்குச் சமம்.

'ஐம்பதாயிரம் முறை தேய்த்தும் கிழியாத துணி' என்பது மூன்றாவது. இதுவும் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. மார்ட்டிண்டேல் என்ற கருவி துணியை மெதுவாக, சிறிய அழுத்தத்தில், கம்பளித் துணியின்மேல் வட்டமிட்டுத் தேய்க்கிறது. நாற்காலி உறையும் பள்ளிச் சீருடையும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கு இது நல்ல அளவு. சாலையில் விழும்போதோ, வருடக்கணக்கான தேய்மானம் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் நடந்துவிடுகிறது. சூடு வெளியேற நேரமில்லை. நைலானும் பாலியெஸ்டரும் 250 டிகிரி செல்சியசை ஒட்டி உருகிவிடும். மிகுவலிமை கொண்ட பாலிஎதிலீன் இழை 150 டிகிரி அளவிலேயே உருகும். மெல்லிய பாலியெஸ்டர் டிராக் பேண்டுடன் விழுந்தவருக்கு, உருகிய துணி காயத்தில் ஒட்டிக்கொள்ளும் துன்பமும் சேரலாம். பருத்தி உருகாது, ஆனால் விரைவில் அறுந்துபோகும்.

இரண்டு எந்திரங்கள்

விபத்தின் உராய்வை அளப்பதற்கென்றே எந்திரங்கள் உண்டு. பழையது கேம்பிரிட்ஜ் வகை. 60-ஆம் எண் உப்புத்தாள் ஒட்டிய பட்டை விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும். துணியை அதன்மேல் விழச் செய்து, ஓட்டை விழும்வரை எத்தனை விநாடி என்று எண்ணுவார்கள். 2002-இன் இ.என். 13595 தரத்தில், முழங்கால் போன்ற இடங்களுக்கு முதல் நிலைக்கே 4 விநாடி வேண்டும். இரண்டாம் நிலைக்கு 7 விநாடி. 4 விநாடி என்றால் உப்புத்தாளில் 32 மீட்டர். சாதாரண ஜீன்ஸ் துணி ஒற்றை அடுக்கில் ஒரு விநாடியைத் தாண்டுவதே அரிது.

2020-இல் வந்த இ.என். 17092 வேறோர் எந்திரத்தைப் பயன்படுத்துகிறது. டார்ம்ஸ்டாட் வகை எனப்படும் இதில், துணியைச் சுழலவிட்டுக் கான்கிரீட் பலகைமேல் இறக்கி, அது தானே நிற்கும்வரை விட்டுவிடுவார்கள். வேகம் குறைந்துகொண்டே வருவதால் இது உண்மைச் சறுக்கலுக்குச் சற்று நெருக்கமானது. கால்சட்டையை வட்டாரங்களாகப் பிரித்து, ஏ.ஏ.ஏ., ஏ.ஏ., ஏ என வகுப்புகள் வழங்குகிறார்கள். முழங்கால் வட்டாரத்துக்குரிய சோதனை வேகம் ஏ.ஏ.ஏ. வகுப்புக்கு மணிக்கு 120 கி.மீ., ஏ.ஏ. வகுப்புக்கு 70, ஏ வகுப்புக்கு 45. காப்பு இல்லாமல், ஏ வகுப்பின் உராய்வுத் தகுதி மட்டும் உள்ளது பி வகுப்பு.

இங்கேதான் என் குறை. 45-இல் தேறியதும் 120-இல் தேறியதும் ஒரே தரத்தின் ஒரே முத்திரையைத் தாங்குகின்றன. வேற்றுமை ஓர் எழுத்தில் அடங்கிவிடுகிறது. 'ஏ' என்றால் முதல் தரம் என்று படித்து வளர்ந்த நமக்கு, அது இந்த வரிசையில் கீழ்ப்படி என்று யார் சொல்வது? வகுப்பெழுத்தின் பக்கத்தில் சோதனை வேகத்தையும் எண்ணால் அச்சிட்டிருந்தால், எட்டாம் வகுப்பு படித்தவரும் தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்வார். தரம் வகுத்தவர்கள் உற்பத்தியாளருக்குப் புரியும் மொழியில் பேசினார்கள், வாங்குபவரை மறந்துவிட்டார்கள்.

துணி உண்மையில் காக்கிறதா?

ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் விபத்தில் சிக்கிய 212 மோட்டார் சைக்கிள்காரர்களை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். காப்புடை அணிந்தவர்களுக்குக் காயங்கள் குறைவு என்பது தெளிவாயிற்று. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கென்றே விற்கப்பட்ட கால்சட்டைகளில் 100-க்கு 28 வீதம் விபத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. உடல் காப்புகளால் எலும்பு முறிவு குறைந்ததாகவும் தெரியவில்லை. எனவே கால்சட்டையிடம் தோலையும் சதையையும் காக்கும்படி கேட்கலாம். எலும்பைக் காக்கும்படி கேட்பது மிகை. அது வேகத்தைக் குறைப்பதால் மட்டுமே ஆகக்கூடியது.

இத்தகைய ஆய்வுகளைத் தொடர்ந்து ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2018-இல் மோட்டோகேப் என்ற திட்டத்தைத் தொடங்கின. கடையில் விற்கும் ஆடையைத் தாங்களே வாங்கி வந்து, கேம்பிரிட்ஜ் எந்திரத்தில் சோதித்து, முடிவை எல்லோரும் பார்க்க வெளியிடுகிறார்கள். விலை உயர்ந்தால் பாதுகாப்பும் உயரும் என்ற எண்ணத்துக்கு அம்முடிவுகள் இடம் தரவில்லை. பாதுகாப்புக்கு ஒரு மதிப்பெண், வெயிலில் அணியும் வசதிக்குத் தனியாக ஒரு மதிப்பெண் என்று பிரித்திருப்பது இன்னும் பாராட்டத்தக்கது. சித்திரை வெயிலில் நெய்வேலியில் கனத்த தோல் கால்சட்டையை யார் அணிவார்? ஆணியில் தொங்கும் ஏ.ஏ.ஏ. கால்சட்டையைவிட, தினமும் காலில் ஏறும் ஏ வகுப்புக் கால்சட்டை மேல்.

நமக்கு வேண்டியது

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர், அதாவது 100-க்கு 44 பேருக்கு மேல், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். உயிர் பிழைத்துக் காயத்துடன் வீடு திரும்பியவர்கள் இக்கணக்கில் இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. அது சரியே, தலைதான் முதலில். 1989-ஆம் ஆண்டு விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் அமர்பவரின் துணி சக்கரத்தில் சிக்காதிருக்கச் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது. நாம் 'சாரி கார்டு' என்கிறோமே, அதுதான். துணி சக்கரத்தில் சிக்குவதைப் பற்றிச் சட்டம் யோசித்திருக்கிறது. துணி சாலையில் தேய்வதையும் யோசிக்கலாம்.

எல்லோரும் விலையுயர்ந்த கால்சட்டை வாங்கவேண்டும் என்று சட்டம் போடச் சொல்லவில்லை. அது ஏழையிடம் அபராதம் வசூலிக்கும் வழியாகிவிடும். கேட்பது அளவை மட்டுமே. ஜீன்ஸ் நெய்யும் ஆலைகள் நம்மிடம் உண்டு. தைக்கத் திருப்பூர் உண்டு. கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா உண்டு. ஓடும் உப்புத்தாள் பட்டையும் விநாடியளவியும் கொண்ட எந்திரம் நம் பொறியாளர்களுக்கு எட்டாத பொருளன்று. அங்கே சோதித்து, எந்த வேகத்தில் தேறியது, கால்சட்டையின் எந்தப் பகுதிகளில் காப்புத் துணி உள்ளது, வெயிலுக்கு எவ்வளவு ஏற்றது ஆகிய மூன்றையும் தமிழில் சீட்டாகத் தைத்துக் கொடுத்தால் போதும். அடர்த்தியான பருத்தியில் தைத்து, முழங்காலிலும் இடுப்பிலும் இருக்கையிலும் மட்டும் வலுவான இழைத்துணியை உள்ளே வைத்தால் விலை இறங்கும். லுங்கிக்கும் சுடிதாருக்கும் மேலே போட்டு, வேலைக்குப் போனதும் கழற்றிவைக்கும் மேல்கால்சட்டையாகவும் அதைச் செய்யலாம். ஐரோப்பியத் தரம் நினைத்துப் பார்க்காத தேவை இது, நம்மவர்தான் நினைக்கவேண்டும்.

அதுவரை, வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேட்கட்டும். முத்திரை காப்புக்கா, கால்சட்டைக்கா? வகுப்பெழுத்து என்ன? காப்புத் துணி இடுப்பிலும் உண்டா? முக்கியத் தையல்கள் இரட்டையா? தையல் நூல் அறுந்தால் துணி தேயாமலே பிரிந்துவிடும். வாங்க வசதியில்லாதவர்கள் மெல்லிய பாலியெஸ்டரைத் தவிர்த்து, கனத்த ஜீன்ஸும் தனியாகக் கிடைக்கும் முழங்கால் காப்பும் அணியலாம். முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே செங்கல்லின்மேல் ஒரே அளவில் வெவ்வேறு துணிகளைக் கட்டி, சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் கயிற்றால் இழுங்கள். ஓட்டை விழும்வரை எத்தனை மீட்டர் என்று குறியுங்கள். ஒற்றை ஜீன்ஸ், இரட்டை ஜீன்ஸ், தார்ப்பாய்த் துணி, பாலியெஸ்டர் என்று வரிசைப்படுத்துங்கள். மெதுவாக இழுப்பதால் இதில் சூடு கணக்கில் வராது. ஆகவே கிடைக்கும் எண்ணைச் சாலைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஏன் கூடாது என்பதை விளக்கி எழுதிப் பார்த்தால், கடைக்காரரின் 'ஐம்பதாயிரம் முறை'க்கும் உங்களிடம் விடை இருக்கும்.