பினாங்குத் தேவாலயமும் படம் பிடிப்போரும்

பினாங்குக்கு வரும் யாத்திரிகர்களுள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நின்று படம் பிடிக்காதார் அரியர். முன்னாளில் பிட் தெரு என வழங்கிய அச்சாலையில் பள்ளிவாசலும், சீனர் வழிபடும் கருணைத் தேவியின் கோயிலும் விளங்குகின்றன. வடகோடிக்கு அணித்தே, பார்க்குவார் தெருவில் இருப்பது செயிண்ட் ஜார்ஜ் கிறிஸ்தவ ஆலயம். அவ்வாலயத்தின் படங்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

அப்படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, எல்லாரும் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தைத்தான் எடுத்தனரோ என்ற ஐயம் எழும். வெண்டூண்கள், முக்கோண முகப்பு, கூர்ங்கோபுரம், எதிரே பிரான்சிஸ் லைட்டின் நினைவு மண்டபம். அடியில் ‘கிரேக்க பாணியில் அமைந்த ஆலயம்’ என்றொரு வரி. அழகுக்குக் குறைவில்லை. எனினும் அவ்வரி பாதி உண்மையே.

கிரேக்கத் தூண்கள் இங்குச் சென்னை வழியாக வந்தன. 1815-இல் எழுந்த சென்னைச் செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தின் சாயல் இதனிடம் தெளிவாக உண்டு. 1817-இலும் 1818-இலும் கம்பெனிப் படையின் எஞ்சினீயர் ராபர்ட் ஸ்மித்தின் மேற்பார்வையில் இது கட்டப்பெற்றது. (இந்த ஸ்மித் தாமே ஓவியர். அவர் தீட்டிய பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் செதுக்கி 1821-இல் வெளியிட்டார்.) ஆனால் செங்கல் சுமந்தவரும் சாந்து குழைத்தவரும் யாவர்? தீவாந்தர சிட்சை பெற்று, இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள். தோட்டங்களுக்கு நம்மவர் பெருந்திரளாக வருமுன்னரே இந்நகரின் மண்ணில் வியர்வை சிந்தியோர் அவர்கள். நாம் கண்ட படக் குறிப்புகளில் லைட்டின் பெயர் உண்டு, ஸ்மித்தின் பெயரும் சிலவற்றில் உண்டு. கைதிகள் என்ற சொல் அரிதினும் அரிது.

மற்றொரு குறை. ‘1818-இல் இருந்தபடியே’ என்று பலர் எழுதுகின்றனர். முதலில் இருந்தது மட்டமான தளம். சென்னை வெயிலுக்கு ஏற்ற அத்தளம் பினாங்கின் மழைக்கு ஏற்கவில்லை. 1864-இல்தான் இருபுறமும் சரியும் கூரை வந்தது. லைட்டின் மண்டபமோ 1886-இல் எழுந்தது. 1941-இல் ஜப்பானியர் குண்டு வீசியபோது ஆலயம் சேதமுற்றது. பின்னர்க் கொள்ளையும் போயிற்று. 1948-இல்தான் வழிபாடு மீண்டது. நாம் ‘பழமை’ என்று படமெடுப்பது பலமுறை செப்பனிட்ட ஒன்றையே. அது இழிவன்று, மழையும் போரும் கண்ட கட்டடத்துக்கு அதுவே வரலாறு.

ஆகையால் முகப்பை ஒரு படம் எடுத்தபின் பக்கச் சுவருக்குச் செல்லல் வேண்டும். கூரையும் சுவரும் கூடும் இடம், தூணின் அடிப்பீடம், சன்னலோரப் பூச்சு ஆகியவற்றைச் சாய்ந்த வெயிலில் எடுத்தால் மேடுபள்ளம் தெரியும். உச்சிவெயிலில் சுவர் வெறுங் காகிதம் போலாகும். காமிராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். சற்றுப் பின்வாங்கி நிமிர்த்திப் பிடித்தால் அக்குற்றம் நீங்கும். இன்று கைப்பேசியிலேயே காமிரா இருப்பதால் இதற்குச் செலவும் இல்லை. தைப்பூசத்திற்குத் தோட்டங்களிலிருந்து பினாங்கு வரும் இளைஞர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அப்பக்கச் சுவரை எடுத்து அனுப்பட்டும். படத்தின் கீழே 1864 என்ற ஆண்டையும், கைதிகள் கட்டியது என்ற செய்தியையும் மறவாது எழுதட்டும்.